மஞ்சள் பைக்குள் போன முழங்கால்

பெங்களூரில் முழங்கால் தேய்மானத்தை ஜீன் அளவில் ஆராயும் திட்டம் ஒன்றில் சேர்ந்தபோது என் பயமெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம்தான் இருந்தது. டேட்டாவை எப்படி அலசுவது, எந்தப் புள்ளியியல் முறை, சர்வரில் இடம் போதுமா என்று ராத்திரியெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் 11 மாதமும் இரண்டரை லட்ச ரூபாய்க்கு மேல் பணமும் போனதற்குக் கம்ப்யூட்டர் காரணமே இல்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலும், லேபில் ஒன்றரை மில்லி குழாயின் அடியில் படிந்த ஜெல்லியிலும் போனது. எங்கள் லேபில் அதுவரை யாரும் குருத்தெலும்பைத் தொட்டதில்லை. ரத்தம், செல் வளர்ப்பு, எலித் திசு எல்லாம் பார்த்தவர்கள் இருந்தார்கள். மனித முழங்காலைப் பற்றிக் கேட்க ஆளில்லை. இதே வேலையில் இறங்கப்போகும் யாராவது அதே குழிகளில் விழாமல் இருக்கட்டும் என்றுதான் கைப்பட்டதை எல்லாம் எழுதுகிறேன்.

முதலில், எதற்காக முழங்காலை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது. 2021இல் ஒன்பது மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 8,26,690 பேரின் மரபணுத் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று, மூட்டுத் தேய்மானத்தோடு தொடர்புள்ள 100 மரபு மாற்றங்களைச் சுட்டிக்காட்டியது. இப்படிப்பட்ட மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தை மாற்றுபவை அல்ல. பக்கத்திலுள்ள ஏதோ ஒரு ஜீனைக் கூட்டியோ குறைத்தோ வேலை செய்ய வைப்பவை. எந்த ஜீனை, எந்தத் திசுவில் என்று தெரிய ரத்தம் உதவாது. குருத்தெலும்பில்தான் பார்க்க வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் ஜி.டி.எஃப்.5. இந்த ஜீனின் முன்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில் இருக்கும் ஆர்.எஸ்.143383 என்ற ஒற்றை எழுத்து மாற்றத்தை 2007இல் ஜப்பானிய, சீன நோயாளிகளிடம் தேய்மானத்தோடு தொடர்புபடுத்தினார்கள். அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று ஒரு ஜீனுக்கு இரண்டு பிரதி உண்டு; அதில் 'டி' எழுத்து உள்ள பிரதி 'சி' உள்ள பிரதியைவிடக் குறைவாக வேலை செய்கிறது. நம் ஊர் முழங்கால்களில் இந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு என்பதும் எங்கள் கேள்விகளில் ஒன்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், நான் பட்ட அடியில் பாதி இந்த ஒரு எழுத்தில்தான்.

மூட்டு மாற்று அறுவையில் சர்ஜன் தொடை எலும்பின் நுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டையும் ரம்பத்தால் சீவி எடுப்பார். எப்படியும் குப்பைக்குப் போகிற துண்டு அது, கேட்டால் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். முதல் துண்டு ஃபார்மலினில் மிதந்து வந்தது. தியேட்டரில் வெட்டியதை ஃபார்மலினில் போடுவது பயாப்ஸிக்கான பழக்கம், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜீன் வேலை செய்யும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ.வைத்தான் நாங்கள் அளக்கிறோம்; ஃபார்மலின் அதைப் புரதத்தோடு பின்னிப்போட்டுவிடும், எங்கள் வேலைக்கு அது செத்த திசு. இரண்டாவது துண்டு வரவேயில்லை. அன்றைக்கு டியூட்டி மாறியிருந்த சிஸ்டர், உடல் கழிவுக்கு என்ன விதியோ அதன்படி மஞ்சள் பையில் போட்டுவிட்டார். மூன்றாவது பத்திரமாக வந்தது, ஏழு சின்னத் துண்டுகளாக, ஒரே டப்பாவில். எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

இது ஏன் முக்கியம் என்றால், இந்த ஆராய்ச்சியின் உயிரே ஜோடிதான். நம் ஊரில் மாற்று அறுவைக்கு வருகிற முழங்கால்கள் பெரும்பாலும் வில் மாதிரி வளைந்தவை. உள்பக்கம் தேய்ந்து எலும்பே தெரியும், வெளிப்பக்கம் ஓரளவு நன்றாக இருக்கும். ஒரே ஆளின் ஒரே முழங்காலில் கெட்ட இடம், நல்ல இடம் இரண்டும் கிடைப்பதால் வயது, எடை, சர்க்கரை, மாத்திரை என்ற வேறுபாடுகள் எல்லாம் தானாகக் கழிந்துவிடும். பக்கம் தெரியாவிட்டால் அந்த லாபம் மொத்தமும் போச்சு. அதனால் தொடை எலும்பின் சில்லறைத் துண்டுகளை விட்டுவிட்டு, கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டை மட்டும் கேளுங்கள். அது பெரும்பாலும் ஒரே தகடாக வரும். சர்ஜனின் உதவியாளரிடம் சொல்லி, தோலில் கோடு போடும் பேனாவால், குருத்தெலும்பு இல்லாத வெட்டுமுகத்தில் உள்பக்கம் 'எம்' (மீடியல்) என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டு நொடி வேலை. அதுவும் விட்டுப்போனால் வடிவத்தை வைத்துப் பார்க்கலாம்: உள்பக்கத் தளம் பெரிதாகவும் லேசாகக் குழிந்தும் இருக்கும், வெளிப்பக்கம் சிறிதாகவும் சற்றுக் குவிந்தும் இருக்கும். டப்பா நம்முடையதாகவே இருக்கட்டும், மேலே 'ஃபார்மலின் வேண்டாம், மஞ்சள் பை வேண்டாம்' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பெரிதாக ஒட்டுங்கள். அதைவிட முக்கியம், முந்தின நாள் ராத்திரி தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டருக்கு ஒரு வாட்ஸ்அப். நாள் முழுக்க வாசலில் நின்றபோது கிடைக்காத சாம்பிள் அந்த ஒரு மெசேஜுக்குக் கிடைத்தது.

ஒப்புதல் படிவம் விஷயத்தில் விழுந்த அடிதான் எனக்கு அதிகம் வலித்தது. எதிக்ஸ் கமிட்டியில் அனுமதி வாங்கியவை ஆங்கிலம், கன்னடம், இந்திப் படிவங்கள். எழுபது தாண்டிய தமிழ்ப் பாட்டி ஒருவர் வந்தார். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவர், கன்னடம் தண்ணீர் மாதிரிப் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். நம்ம ஊர் ஆள்தானே என்று நானே உட்கார்ந்து தமிழில் விளக்கிக் கன்னடப் படிவத்தில் கையெழுத்து வாங்கினேன். பாட்டி, "வெட்டி எடுக்கறத வச்சு என் பொண்ணுக்கும் வருமான்னு பாத்துச் சொல்லிருவீங்களா தம்பி?" என்று கேட்டார். முடியாது பாட்டி, ஒவ்வொரு ஜீன் மாற்றமும் துளித்துளியாகத்தான் ஆபத்தைக் கூட்டும், உங்கள் துண்டிலிருந்து உங்கள் மகளுக்கு எதுவும் சொல்ல முடியாது என்றேன். சரி என்று தலையாட்டினார். இரண்டு மாதம் கழித்துக் கமிட்டி ஆவணங்களைச் சரிபார்த்தபோது, வாசிக்கத் தெரியாத மொழியில் வாங்கிய கையெழுத்து செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சரி. பாட்டியின் சாம்பிளையும், இதே மாதிரி வாங்கிய இன்னொன்றையும் அழிக்க வேண்டியதாயிற்று. இரண்டுமே அருமையான ஜோடிகள்.

ஆகவே பெங்களூரில் வேலை என்றால் தமிழ், தெலுங்கு, உருதுப் படிவங்களையும் முதல் நாளே சேர்த்து அனுமதி வாங்கிவிடுங்கள். மொழிபெயர்த்ததை வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றிப் பாருங்கள். நான் முதலில் 'மரபணு நோய் ஆய்வு' என்று எழுதியிருந்தேன். வாசித்த ஒரு அம்மா, குடும்ப நோய் என்று எழுதிவைத்தால் பெண்ணின் கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் ஆகாதா என்று கேட்டார். 'தேய்ந்த மூட்டில் எந்த ஜீன்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்ற ஆய்வு' என்று மாற்றிய பிறகு அந்தக் கேள்வி வரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் கைநாட்டோடு, நம் குழுவைச் சேராத சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வேண்டும். இரண்டு மில்லி ரத்தத்தையும் படிவத்தில் சேர்த்துவிடுங்கள். எனக்கு அது தோன்றவில்லை. பின்னால் டி.என்.ஏ. தேவைப்பட்டபோது திருத்தத்துக்கு விண்ணப்பித்து ஏழு வாரம் காத்திருந்தேன். கேள்விகளையும் அவர்கள் பேச்சில் கேளுங்கள். 'ஸ்டெராய்டு எடுத்தீர்களா' என்றால் எல்லோரும் இல்லை என்பார்கள். 'முட்டியில ஊசி போட்டீங்களா, எப்போ?' என்று கேட்டால் போன மாதம் போட்டது வெளியே வரும். மூன்று மாதத்துக்குள் ஊசி போட்டவரையும், முடக்குவாதம் உள்ளவரையும் நாங்கள் சேர்ப்பதில்லை.

துண்டு கைக்கு வந்த பிறகு கடிகாரம் ஓடத் தொடங்கும். குருத்தெலும்புச் செல்கள் வெட்டியவுடன் சாவதில்லை, அதுதான் சிக்கல். அறை வெப்பத்தில் உப்புத் தண்ணீரில் கிடந்தால் அவை பதற்றப்பட்டு ஃபாஸ், ஜூன் போன்ற அவசரகால ஜீன்களை மாற்றிக்கொண்டே இருக்கும்; நாம் நோயை அளக்காமல் தாமதத்தை அளந்துகொண்டிருப்போம். ஜெயநகர் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஹெப்பாள் பக்கத்து லேபுக்கு ஆட்டோவில் வருவது என்றால், மேக்ரி சர்க்கிளில் மாட்டும் நேரத்தையும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். லேபில் வந்து வெட்டலாம் என்று முதல் ஐந்து சாம்பிளைச் சும்மா ஐஸில் கொண்டுவந்தது என் முட்டாள்தனம். வெட்டுவதும் உறைய வைப்பதும் மருத்துவமனையிலேயே முடிய வேண்டும், அரை மணி நேரத்துக்குள். திரவ நைட்ரஜன் சிறந்தது, ஆனால் அங்கே லிஃப்டில் எடுத்துப்போக விடவில்லை. நியாயம்தான், ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு, மூடிய இடத்தில் மூச்சு நின்றுவிடும். நாங்கள் தெர்மோகோல் பெட்டியில் பொடித்த உலர்பனியை (டிரை ஐஸ்) நிரப்பி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் சீவிய துண்டுகளைக் குழாயிலிட்டு அதற்குள் புதைத்துவிடுகிறோம். பெட்டியை டேப் போட்டு இறுக மூடக் கூடாது, வாயு வெளியேற வழி வேண்டும்.

சீவுவதிலும் சூட்சுமம் உண்டு. 22ஆம் நம்பர் பிளேடை மேற்பரப்புக்குச் சாய்வாகப் பிடித்து, கொழுக்கட்டைக்குத் தேங்காய் சீவுவது மாதிரி மெல்லிசாக எடுக்க வேண்டும். பிளேடு கரகரத்தால் சுண்ணாம்பேறிய அடுக்குக்கு வந்துவிட்டீர்கள், அதோடு நிறுத்துங்கள். ஆழமாகப் போனால் எலும்பும் ரத்தமும் சேர்ந்துவிடும். எலும்புச் செல்கள் எண்ணிக்கையில் கொஞ்சமாக வந்தாலே போதும், குருத்தெலும்பின் மெல்லிய குரலை அமுக்கிவிடும். உள்பக்கத்தில் நடுவே வழவழவென்று எலும்பு தெரியும் இடத்தில் எடுக்க ஒன்றுமில்லை; அதன் கரையை ஒட்டிச் சொரசொரப்பாக நார்நாராகப் பிரிந்திருக்கும் வளையம்தான் நமக்கு வேண்டியது. விளிம்பில் புதிதாக முளைத்த எலும்பு முடிச்சின் மேலும் வெள்ளையாகக் குருத்தெலும்பு இருக்கும், பார்க்க ஆசையாக இருக்கும். அதைத் தொடாதீர்கள், அது வேறு இனம்.

இனி ஜெல்லி. வயதுவந்தவரின் குருத்தெலும்பில் செல்களின் பங்கு கனஅளவில் சுமார் 2 சதவீதம்தான், மிச்சமெல்லாம் தண்ணீரும் கொலாஜனும் புரோட்டியோகிளைக்கானும். அந்தப் புரோட்டியோகிளைக்கானின் சர்க்கரைச் சங்கிலிகள் முழுக்க எதிர்மின்னூட்டம். அதனால்தான் தண்ணீரைப் பிடித்துவைத்து மூட்டுக்கு மெத்தையாகின்றன. ஆர்.என்.ஏ.வும் எதிர்மின்னூட்டம் உள்ளதுதான். எனவே ட்ரைசால் (ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும், பீனால் கலந்த கரைசல்) போட்டு, குளோரோஃபார்ம் சேர்த்துச் சுழற்றி, மேல்நீரில் ஐசோபுரொப்பனால் விட்டதும் இரண்டும் கைகோத்துக்கொண்டு கீழே இறங்கும். குழாயின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு கட்டி. ஆஹா, எவ்வளவு ஆர்.என்.ஏ. என்று குதித்தேன். தண்ணீர் விட்டால் கரையவில்லை, பிப்பெட் முனையில் பசையாக ஒட்டியது, ஆர்.என்.ஏ.வைச் சுத்தம் செய்யும் சின்ன வடிகுழாயில் (column) ஊற்றினால் அடைத்துக்கொண்டது. ஒளியை வைத்து அளவு சொல்லும் நானோடிராப் கருவி 140 நானோகிராம் என்றது ஒரு மைக்ரோலிட்டருக்கு. 30 மைக்ரோலிட்டரில் 4,200. சுத்தத்தைக் காட்டும் 260/230 விகிதம் வெறும் 0.4 என்று பக்கத்திலேயே எழுதியிருந்ததை நான் மதிக்கவில்லை. ஆர்.என்.ஏ.வை மட்டும் அளக்கும் க்யூபிட் கருவியில் போட்டபோது 9. மொத்தமே 270 நானோகிராம். மிச்சமிருந்த பீனாலும் டி.என்.ஏ.வும்தான் அந்த 140ஐக் காட்டியிருக்கின்றன.

இப்போது செய்வது இது. 200 முதல் 250 மில்லிகிராம் திசுவைத் திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர்ந்த கல்வத்தில், மைதா பதம் வரும்வரை இடிக்கிறோம். ரவை பதத்தில் நிறுத்தினால் பாதி ஆர்.என்.ஏ. உள்ளேயே நின்றுவிடும். கரண்டி முதல் குழாய்வரை எல்லாம் குளிர்ந்திருக்க வேண்டும். தூள் உருகுவது என்றால் அது ட்ரைசாலுக்குள்தான் உருக வேண்டும், காற்றில் இல்லை. 100 மில்லிகிராமுக்கு 1 மில்லி ட்ரைசால் என்ற கணக்கைக் குருத்தெலும்புக்கு இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். குளோரோஃபார்முக்கு முன்பே 12,000 ஜி வேகத்தில் 4 டிகிரியில் 10 நிமிடம் சுழற்றிக் கரையாத கொலாஜனைக் கழித்துவிடுங்கள். பிறகு மில்லிக்கு 0.2 மில்லி குளோரோஃபார்ம், 15 நிமிடம் சுழற்சி. மேல்நீரை எடுத்ததும்தான் முக்கியமான மாற்றம்: அரை மில்லி ஐசோபுரொப்பனாலுக்குப் பதில் கால் மில்லி ஐசோபுரொப்பனாலும் கால் மில்லி உப்புக் கரைசலும். கரைசல் என்பது 0.8 மோலார் சோடியம் சிட்ரேட், 1.2 மோலார் சோடியம் குளோரைடு. 100 மில்லிக்கு டிரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 23.5 கிராம், உப்பு 7 கிராம். இந்த உப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் கரைந்தே நிற்கும், ஆர்.என்.ஏ. மட்டும் இறங்கும். கட்டி கண்ணுக்கே தெரியாது, பயப்படாதீர்கள். அதன்பின் வடிகுழாய், அதிலேயே டி.என்.ஏஸ் (டி.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) 15 நிமிடம். எங்களுக்கு இப்போது ஒரு சாம்பிளுக்கு 600 முதல் 1,000 நானோகிராம் வருகிறது, 260/230 பெரும்பாலும் 1.5க்கு மேல். பீனால், குளோரோஃபார்ம் வேலையெல்லாம் ஃபியூம் ஹூடுக்குள் மட்டும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு முன்பே முதல் எட்டு ஜோடிகளைச் சீக்வென்சிங்குக்கு, அதாவது ஆர்.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படிக்க, அனுப்பிவிட்டேன். 16 சாம்பிள், ஒன்றுக்கு 14,000 ரூபாய் என்று கொட்டேஷன். அதில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரவில்லை என்று பில் வந்த பிறகுதான் கவனித்தேன். 2,24,000 என்று நினைத்தது 2,64,320 ஆனது. அந்த 40,000 சொச்சத்துக்கு வேறு தலைப்பிலிருந்து பணம் மாற்றக் கணக்குப் பிரிவில் கெஞ்சிய கதை தனி. ஆர்.என்.ஏ.வின் தர எண் 10க்கு 4, 5 என்று இருந்தும், விலை குறைவு என்று பாலி-ஏ முறையைத் தேர்ந்தெடுத்தேன். அந்த முறை ஆர்.என்.ஏ.வின் வாலைப் பிடித்து இழுக்கும். உடைந்த ஆர்.என்.ஏ. என்றால் வால் மட்டும்தான் கையில் வரும். டேட்டா வந்த அன்று ஜி.டி.எஃப்.5ஐத் திரையில் திறந்தேன். வால் பக்கம் மலை மாதிரி ரீடுகள் (படித்த துண்டுகள்), தலைப் பக்கம் வெறும் வெள்ளை. நான் தேடிய எழுத்து தலைப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: இந்த ஜீன் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் உள்ளது. திரையில் வலக்கோடிதான் தலை. கட்டுரைகளில் 'டி', 'சி' என்று சொல்வது திரையில் 'ஏ', 'ஜி' என்று தெரியும். இது தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தப்பான இடத்தைப் பார்க்கிறோமோ என்று குழம்பினேன்.

சரி, மற்ற ஜீன்களாவது மிஞ்சும் என்று, ஒத்த சாம்பிள்களைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் பி.சி.ஏ. வரைபடம் போட்டேன். தேய்ந்தவை ஒரு பக்கம், நல்லவை ஒரு பக்கம் என்று அழகாகப் பிரிந்து நின்றன. சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். லேப் நோட்டைப் புரட்டினால், தேய்ந்த எட்டையும் மார்ச்சில் பிரித்தெடுத்திருக்கிறேன், நல்ல எட்டையும் ஏப்ரலில், புது கிட் பெட்டியில். கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம் என்ற நல்லெண்ணம்! திரையில் தெரிந்தது நோயா, மாதமா என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. பேட்ச் வித்தியாசத்தை (வெவ்வேறு தடவையாகச் செய்ததால் வரும் வித்தியாசத்தை) கழிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் நோயும் பேட்சும் ஒரே கோட்டில் நின்றால் ஒன்றைக் கழிக்கும்போது இன்னொன்றும் போய்விடும். இரண்டு நாள் கைடு கண்ணில் படாமல் சுற்றினேன். மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, 'அந்த ட்யூப்ல மிச்சம் எவ்வளவு இருக்கு?' என்று மட்டும் கேட்டார். மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் அனுப்பியிருந்தேன்.

இரண்டாம் சுற்றில் ஒரு ஜோடியின் இரண்டு குழாய்களும் ஒரே நாளில், ஒரே கிட்டில், பக்கத்துப் பக்கத்தில் போயின. நாளுக்கு நாலு ஜோடி, வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுத்தோம். பாலி-ஏ வேண்டாம், செல்லில் மலையாகக் குவிந்திருக்கும், நமக்கு வேண்டாத ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைக் கழிக்கும் முறை. சாம்பிளுக்கு 5,000 ரூபாய் கூட. ஒரு சாம்பிளுக்கு 5 கோடி ரீடு ஜோடி. டேட்டா வந்ததும் வேறெதற்கும் முன்னால் சில ஜீன்களை மட்டும் பார்க்கிறேன்: குருத்தெலும்பின் அடையாளமான சி.ஓ.எல்.2ஏ1, அக்ரிக்கான், காம்ப் மூன்றும் உச்சத்தில் இருக்க வேண்டும், எச்.பி.பி. ஏறியிருந்தால் ரத்தம் கலந்திருக்கிறது, ஐ.பி.எஸ்.பி. ஏறியிருந்தால் பிளேடு எலும்பைத் தொட்டிருக்கிறது. எக்ஸ்.ஐ.எஸ்.டி.யையும் ஒய் குரோமோசோம் ஜீன்களையும் வைத்து ஆண் பெண் சரிபார்க்கலாம், ஆனால் எங்களிடம் வருபவர்களில் முக்கால்வாசி பெண்கள், அது போதாது. ரீடுகளிலிருந்தே மரபு எழுத்துகளைப் படித்து, ஜோடியின் இரண்டு சாம்பிளும் ஒரே ஆளுடையவைதானா என்று ஒப்பிட வேண்டும். 12 ஜோடியில் இரண்டு ஜோடி ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. ஏழாம் நம்பர் வெளிப்பக்கமும் எட்டாம் நம்பர் வெளிப்பக்கமும் இடம் மாறியிருந்தன. ரத்த டி.என்.ஏ. இருந்ததால் எது யாருடையது என்று திருத்த முடிந்தது.

அந்த 12 பேரில் ஐந்து பேருக்கு ஆர்.எஸ்.143383இல் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. இந்த முறை தலைப் பக்கம் வெள்ளையாக இல்லை, ஆனால் அந்த ஒரு எழுத்தின் மேல் விழுந்த ரீடுகள் ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 15. எந்தப் பிரதி அதிகம் என்று வாதாட அது காணாது. அந்த இடத்தை மட்டும் தனியாகப் பெருக்கி அளக்க வேண்டும். இந்தத் தடவை அனுப்புவதற்கு முன்பே ஒவ்வொரு குழாயிலிருந்தும் 150 நானோகிராமைத் தனியாக எடுத்து, இரண்டாகப் பிரித்து, மைனஸ் 80இல் இரண்டு வெவ்வேறு ஃப்ரீசர்களில் வைத்திருக்கிறேன்.